நீள்வட்டக் கைப்பிடியில் நான்கு மங்கல் பட்டைகள்: நான்காம் அச்சு ஃபினிஷிங் பாதை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிறிய இயந்திரப் பட்டறை ஒன்றுக்கு அலுமினியக் கைப்பிடி செய்யும் ஆர்டர் வந்தது. உலோகம் 6061 ரக அலுமினியக் கலவை. ஜாப்பின் (செய்யும் பொருளின்) நீளம் 120 மி.மீ. குறுக்குவெட்டு வட்டமல்ல, நீள்வட்டம். பெரிய முனையில் 50க்கு 34, சிறிய முனையில் 32க்கு 22 என்று சீராகக் குறுகிக்கொண்டே போகும். பெரிய முனையில் ஒரு காலர் (விளிம்பு வளையம்) உண்டு. உடலும் காலரும் சேரும் மூலையில் 4 மி.மீ. ஆரமுள்ள வளைவு. மேற்பரப்புக்குக் கேட்டது ஆர்ஏ (பரப்பின் சராசரிச் சொரசொரப்பு) 0.8 மைக்ரான். அதன்மேல் அனோடைசிங், அதாவது மின்வேதி முறையில் உருவாக்கும் ஆக்சைடு படலம்.

அனோடைசிங் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பெயின்ட் போல அது எதையும் மூடாது. அடியில் இருக்கும் டூல் குறி அப்படியே தெரியும். சில சமயம் முன்பைவிடத் தூக்கலாகவே தெரியும். எமரி போட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்றால், கையால் தேய்க்கும்போது நீள்வட்டத்தின் கூர்ந்த பக்கம் மழுங்கிவிடுகிறது. இரண்டு கைப்பிடிகளை அருகருகே வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அதனால் மெஷினிலிருந்தே முடிந்த மேற்பரப்பாக வர வேண்டும் என்பது நிபந்தனை.

பட்டறையில் இருந்தது மூன்று அச்சு செங்குத்து மெஷின். அதன் மேஜையில் ஜாப்பைச் சுழற்றும் ஒரு ரோட்டரி டேபிள், எதிர்ப்பக்கம் ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக். டேபிள் எக்ஸ் அச்சைச் சுற்றிச் சுழல்வதால் அது ஏ அச்சு, அதாவது நான்காம் அச்சு. அதிகபட்ச வேகம் நிமிடத்துக்கு 25 சுற்று.

முதல் பாதை

ப்ரோகிராமர் தேர்ந்தெடுத்தது ஹெலிக்ஸ் பாதை. ஜாப் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும், டூல் சுற்றுக்கு 0.3 மி.மீ. வீதம் எக்ஸ் திசையில் நகரும். டூல் 6 மி.மீ. பால்நோஸ் (நுனி அரைப்பந்து வடிவம்), இரண்டு பல், டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 10,000 சுற்று. காலர் மூலையின் ஆரம் 4 என்பதால் 6 மி.மீ. டூலை எடுத்தார். ஒரே டூலில் எல்லாம் முடியட்டும் என்ற எண்ணம். டூல் எப்போதும் சுழல் மையத்தைப் பார்த்தபடி நிற்கும்; ஒய் அச்சு பூஜ்யத்திலேயே இருக்கும். ஃபீட் (வெட்டும்போது நகரும் வேகம்) நிமிடத்துக்கு 4000 டிகிரி.

பாதையின் வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹெலிக்ஸில் டூல் ஒருமுறை இறங்கினால் கடைசியில்தான் ஏறும், அதனால் நுழைவுக் குறி கிடையாது. ஏ அச்சு திசை மாறாததால் டேபிளைச் சுழற்றும் வார்ம் கியரின் பேக்லாஷும் (பற்களுக்கு இடையிலான தளர்வும்) ஒரே பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும்.

முதல் ஜாப் 36 நிமிடத்தில் வெளியே வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகவே இருந்தது. டியூப் லைட்டுக்குக் கீழே மெல்லத் திருப்பிப் பார்த்தபோதுதான் நீளவாக்கில் நான்கு மங்கலான பட்டைகள் தெரிந்தன. விரல் நகத்துக்கு எதுவும் தட்டவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால், பளபளப்பான இடங்களில் சீரான கோடுகள். பட்டைகளில் உலோகம் வெட்டுப்படாமல் இழுபட்டு, அங்கங்கே சிறு செதில் ஒட்டியது போல இருந்தது. பட்டைக்கு வெளியே ஆர்ஏ 1.1, பட்டையில் 1.9.

ஸ்டெப்ஓவரைக் குறைத்துப் பார்த்தது

ஃபினிஷ் சரியில்லை என்றதும் எல்லோருடைய கையும் முதலில் போகும் இடம் ஸ்டெப்ஓவர், அதாவது சுற்றுக்கு டூல் நகரும் தூரம். இங்கேயும் அப்படித்தான், 0.3 என்பதை 0.15 ஆக்கினார்கள்.

அதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. பால்நோஸ் டூல் அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ஒரு சிறு முகட்டை விட்டுச் செல்லும். ஸ்டெப்ஓவரின் வர்க்கத்தை டூல் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் அந்த முகட்டின் உயரம் வரும். ஆரம் 3, ஸ்டெப்ஓவர் 0.3 என்றால் 3.75 மைக்ரான். முகடு மட்டுமே இருக்கும் பரப்பில் ஆர்ஏ அந்த உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு, அதாவது 0.95 அளவில். அளந்தது 1.1. பட்டைக்கு வெளியே கணக்கும் நிஜமும் நெருங்கித்தான் இருந்தன. ஸ்டெப்ஓவரைப் பாதியாக்கினால் முகடு கால் பங்காகும்.

நேரம் 72 நிமிடம் ஆனது. பட்டைக்கு வெளியே ஆர்ஏ 0.5க்கு இறங்கியது. பட்டையில் 1.7. சுற்றியுள்ள இடம் இன்னும் பளபளப்பானதில் பட்டை முன்பைவிட நன்றாகத் தெரிந்தது! டூலை மாற்றிப் பார்த்தார்கள், கூலண்ட் நாசிலைத் திருப்பி வைத்தார்கள். எதற்கும் அசையவில்லை.

மூத்த ஆபரேட்டர்தான் விஷயத்தைச் சரியான பக்கம் திருப்பினார். "தம்பி, கோடு விழுற இடம் ஒரே இடமாவே இருக்கு. டூல் கோளாறா இருந்தா இப்படி எண்ணி நாலு இடத்துல நிக்காது" என்றார். மார்க்கர் பேனாவால் ஜாப்பின் முனையில் 0, 90, 180, 270 டிகிரியைக் குறித்தார். நான்கு பட்டையின் நடுவும் அந்த நான்கு குறியில் உட்கார்ந்தன.

பட்டை ஜாப்பைச் சேர்ந்ததா, மெஷினைச் சேர்ந்ததா

இரண்டு சந்தேகங்கள் இருந்தன. ரோட்டரி டேபிளின் கியரில் ஏதாவது பிசகு இருக்கலாம். அல்லது நீள்வட்ட வடிவத்தாலேயே இது வரலாம். பிரித்தறிய அவர்கள் செய்த சோதனை எளிமையானது, எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடியது. மூலப்பொருள் உருண்டைக் கம்பிதானே, எந்தக் கோணத்தில் நீள்வட்டத்தை வெட்டினாலும் ஒன்றுதான். ஏ அச்சின் ஆஃப்செட்டில் (தொடக்க நிலையின் நகர்வில்) 37 டிகிரி சேர்த்து அதே ப்ரோகிராமை ஓட்டினார்கள். கியர் கோளாறு என்றால் பட்டைகள் டேபிளின் பழைய கோணங்களிலேயே விழ வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஜாப்போடு சேர்ந்து 37 டிகிரி நகர்ந்து, மறுபடியும் நீள்வட்டத்தின் நான்கு முனைகளிலேயே விழுந்தன.

கியருக்குச் சம்பந்தமில்லை என்று ஆனபின் காரணத்தைக் காகிதத்திலேயே பிடிக்க முடிந்தது. டூல் சுழல் மையத்தைப் பார்த்து நிற்கிறது. வட்டமான ஜாப் என்றால் பரப்பின் செங்குத்தும் மையத்தை நோக்கிய கோடும் ஒன்றே. நீள்வட்டத்தில் அப்படியில்லை. நெட்டச்சின் இரு முனைகளிலும் குற்றச்சின் இரு முனைகளிலும் மட்டுமே இரண்டும் ஒன்றாகும். நடுவில் அவை விலகும். பெரிய முனையில் அதிகபட்சம் 21.6 டிகிரி, சிறிய முனையில் 21.

விலகும் இடத்தில் பந்தின் பக்கவாட்டு வெட்டுகிறது. ஒன்றாகும் இடத்தில் பந்தின் நுனி வந்து படுகிறது. ராட்டினம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் நடுத்தூண் நின்ற இடத்திலேயே நிற்பது போல, நுனியில் வெட்டு வேகம் இல்லை. இந்த ஜாப்பில் டேப்பர் (நீளவாக்கில் குறுகும் சரிவு) இருப்பதால் சுத்தமாக நுனியில் படாது, சற்றுத் தள்ளித்தான் படும். ஆனால் டேப்பரின் கோணம் 3 முதல் 4 டிகிரிதான். 6 மி.மீ. டூலில் அந்த இடத்தின் வெட்டு விட்டம் 0.3 முதல் 0.45 மி.மீ. பத்தாயிரம் சுற்றில்கூட வேகம் நிமிடத்துக்கு 9 முதல் 14 மீட்டர். 21 டிகிரி விலகிய இடத்தில் அதே டூல் 70 மீட்டர் வேகத்தில் வெட்டுகிறது. அலுமினியம் 10 மீட்டரில் வெட்டுப்படுவதைவிடத் தேய்ந்து டூலில் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

இந்த விளக்கம் சரிதானா என்று உறுதிசெய்ய இன்னொன்றும் கைகொடுத்தது. தட்டையான பக்கத்தில் செங்குத்தின் விலகல் மெதுவாக மாறும், கூர்ந்த பக்கத்தில் சீக்கிரம் மாறும். ஆகவே தட்டைப் பக்கத்துப் பட்டை அகலமாக இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்த்தார்கள். தட்டைப் பக்கத்தில் 5 மி.மீ.க்கு மேல், கூர்ந்த பக்கத்தில் 4க்கும் குறைவு.

ஃபீட்டிலும் ஒரு சிக்கல்

நிமிடத்துக்கு 4000 டிகிரி என்பது ஏ அச்சுக்குச் சீரான வேகம். பரப்புக்கு அப்படி அல்ல. மையத்திலிருந்து 25 மி.மீ. தள்ளியிருக்கும் இடம் நிமிடத்துக்கு 1745 மி.மீ. வேகத்தில் டூலைக் கடக்கும், 17 மி.மீ. தள்ளியது 1187, சிறிய முனையின் தட்டைப் பக்கம் 768. பல்லுக்கான ஃபீட் (ஒரு பல் முன்னேறும் தூரம்) 0.087லிருந்து 0.038 மி.மீ. வரை ஊசலாடுகிறது. கைப்பிடியின் இரு முனைகளும் ஒரே மாதிரி மின்னாததற்கு இது காரணம்.

இதற்கான மருந்து ஜி93, அதாவது தலைகீழ் நேர ஃபீட். ஒவ்வொரு வரியையும் எவ்வளவு நேரத்தில் முடிக்க வேண்டும் என்று பாதையை உருவாக்கும் கேம் மென்பொருளே கணக்கிட்டு எஃப் (ஃபீட்) மதிப்பாக எழுதிவிடும். வரிக்கு வரி எஃப் இருந்தாக வேண்டும். போஸ்டை (பாதையை மெஷின் குறியீடாக மாற்றும் நிரலை) அதற்கேற்ப மாற்றினார்கள். பாதை முடிந்ததும் வழக்கமான ஃபீட் முறையான ஜி94க்குத் திரும்பும் வரியையும் சேர்த்தார்கள். இதை மறந்தால் அடுத்த டூலின் எஃப்1500 "இந்த நகர்வை ஒரு நிமிடத்தின் 1500ல் ஒரு பங்கில் முடி" என்று புரிந்துகொள்ளப்படும். விளைவை விவரிக்கத் தேவையில்லை.

பரிசீலித்த பாதைகள்

ஏ அச்சை நான்கு கோணங்களில் பூட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று அச்சில் ஃபினிஷ் செய்யலாம் என்பது ஒரு யோசனை. பிரேக் போட்டுவிடுவதால் உறுதி அதிகம். ஆனால் பக்கங்கள் சேரும் இடத்தில் நான்கு நீளக்கோடு நிச்சயம். அதைத் தவிர்க்கத்தானே இவ்வளவும் என்று உடனே விட்டார்கள்.

நீளவாக்குப் பாதைக்குக் கொஞ்சம் ஆதரவு இருந்தது. டூல் எக்ஸ் திசையில் போய் வரும், ஏ அச்சு ஒவ்வொரு முறையும் சிறிது திரும்பும். ஆனால் குறுக்குத் திசையில் இந்த ஜாப் நன்றாகக் குவிந்திருக்கிறது. குவிந்த பரப்பில் முகடு இன்னும் உயரும், ஏனென்றால் டூல் ஆரத்தோடு பரப்பின் வளைவும் கணக்கில் சேரும். அதே 0.3க்கு, சிறிய முனையின் கூர்ந்த பக்கத்தில் 3.75க்குப் பதில் 5.2 மைக்ரான். போக, பெரிய முனையில் 0.3 வைத்தால் சிறிய முனையில் கோடுகள் 0.19க்கு நெருங்கிவிடும், அங்கே வீண் வேலை. போகும்போது ஒரு விதமாகவும் வரும்போது வேறு விதமாகவும் வெட்டுவதால் மாறிமாறி இரண்டு மினுக்கம் வேறு.

தனித்தனி வளையங்களாக வெட்டும் பாதையில் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு நுழைவுக் குறி இருக்கும். அவை வரிசையாகச் சேர்ந்து ஒரு தையலாகிவிடும். அப்புறம் ஹெலிக்ஸேதான். மாற வேண்டியது டூல் நிற்கும் கோணம்.

அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, மையத்தை நோக்கிய கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்ப்பது. விலகல் கூடினாலும் குறைந்தாலும் தொடும் கோணம் 8.4 டிகிரிக்குக் கீழே போகாது, நுனி தப்பிக்கும். ஆனால் மறுபக்கம் 51.6 வரை ஏறும். வெட்டு வேகம் ஐந்து மடங்கு வரை மாறும். இன்னொன்று, பரப்பின் செங்குத்திலிருந்தே எப்போதும் 15 டிகிரி சாய்த்து வைப்பது. தொடும் இடம் பந்தில் மாறவே மாறாது. விலை என்னவென்றால், கூர்ந்த பக்கத்தைக் கடக்கும்போது ஏ அச்சு வேகமெடுக்கும், தட்டைப் பக்கத்தில் தளரும். ஒய் அச்சும் ஒவ்வொரு சுற்றிலும் 15 மி.மீ. அளவுக்குப் போய்வர வேண்டும்.

ப்ரோகிராமருக்கு முதல் வழிதான் பிடித்தது; மெஷின் அமைதியாக ஓடும் என்றார். என் பார்வையில் இரண்டாவதே இந்த ஜாப்புக்குப் பொருத்தம். காரணம் ஒய் அச்சின் பேக்லாஷ். டயல் (நுண்ணளவு காட்டும் கருவி) வைத்துப் பார்த்ததில் அது 0.004 மி.மீ. 15 டிகிரி சாய்வில் ஒய் பிழையின் கால் பங்குதான் பரப்பில் ஆழமாகத் தெரியும், அதாவது 1 மைக்ரான். 50 டிகிரியில் முக்கால் பங்கு தெரியும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டியதும் அவரும் சரி என்றார்.

எடுத்த முடிவு

உடலுக்கு 10 மி.மீ. பால்நோஸ், காலர் மூலைக்கு மட்டும் 6 மி.மீ. ஆரம் 5 ஆனதால் 0.3 ஸ்டெப்ஓவரிலேயே முகடு 2.25 மைக்ரானுக்கு இறங்கும், ஆர்ஏ கணக்குப்படி 0.6க்குள். ஸ்டெப்ஓவரைப் பாதியாக்கி நேரத்தை இரட்டிப்பாக்குவதைவிட இது மலிவான வழி. 15 டிகிரி சாய்வில் வெட்டு வேகம் 80 மீட்டருக்குச் சற்று மேல், சுற்று முழுவதும் அதே அளவு.

பரப்பின் ஃபீட் 1100 மி.மீ. இந்த எண் டூலுக்காக வந்ததல்ல. சிறிய முனையின் கூர்ந்த பக்கத்தில் வளைவின் ஆரம் 7.6 மி.மீ.தான். அங்கே 1500 ஃபீட் கேட்டால் ஏ அச்சு நிமிடத்துக்கு 31 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். டேபிளால் 25தான் முடியும். மெஷினின் கன்ட்ரோல் தானாக வேகத்தைக் குறைக்கும், குறைத்த இடத்தில் குறி விழும். 1100 என்றால் 23 சுற்றில் அடங்கிவிடுகிறது.

ஃபினிஷுக்கு முன்னால் ஒரு செமி ஃபினிஷ் ஹெலிக்ஸும் சேர்க்கப்பட்டது. ரஃபிங் (முதல் முரட்டு வெட்டு) விட்ட படிகளின் மேல் ஃபினிஷ் டூல் நேரடியாக ஏறி இறங்கினால் சுமை மாறிக்கொண்டே இருக்கும். இப்போது எங்கும் 0.25 மி.மீ. மட்டுமே மிச்சம்.

ஆபரேட்டர் ஒரு குறுக்குவழி சொன்னார்: பழைய ப்ரோகிராமையே வைத்துக்கொண்டு ஒய் ஆஃப்செட்டை மட்டும் 6 மி.மீ. நகர்த்தினால் என்ன? பலர் கேட்கும் கேள்விதான் இது. வட்டமான ஜாப்பிலேயே அது நடக்காது. 20 மி.மீ. ஆரமுள்ள ஜாப்பில் 3 மி.மீ. ஆர டூலை அப்படி நகர்த்தினால் ஜாப் ஆரத்தில் 0.77 மி.மீ. பெரிதாக வரும். நீள்வட்டத்தில் வடிவமே கோணலாகிவிடும். சாய்வைக் கேமில்தான் கொடுக்க வேண்டும்.

வெட்டியபோது

ஏ அச்சின் மையத்தோடு ஒய் பூஜ்யம் பொருந்துகிறதா என்று 0, 180 டிகிரிகளில் டயல் வைத்துச் சரிபார்த்தார்கள். 0.02 மி.மீ. தள்ளி இருந்தது, திருத்தினார்கள்.

முதல் ஓட்டம் சுமார்தான். பட்டைகள் போய்விட்டன, ஆனால் பரப்பில் புள்ளி புள்ளியாகக் குறிகள். கேமில் டாலரன்ஸை (அனுமதிக்கும் விலகலை) 0.001 மி.மீ. என்று மிக இறுக்கமாக வைத்திருந்தார்கள். கூர்ந்த பக்கத்தில் வரிகள் அவ்வளவு நெருக்கமாக வந்ததில் கன்ட்ரோல் படித்து முடிப்பதற்குள் மெஷின் காத்திருக்க நேர்ந்தது. காது கொடுத்தால் டர்ர்ர் என்ற அதிர்வு கேட்டது. டாலரன்ஸை 0.005 ஆக்கி, புள்ளிகளுக்கு இடையே தூரம் 0.3 மி.மீ.க்கு மேல் போகாமல் சீராக வைத்ததும் அடங்கியது.

ஓட்டம் முடிந்ததும் இன்னொரு வேடிக்கை. நானூறு சுற்று சுற்றிய ஏ அச்சு பூஜ்யத்துக்குத் திரும்பச் சொன்னதும் அந்த நானூறையும் பின்னோக்கிச் சுற்றக் கிளம்பியது. முழு வேகத்திலும் 16 நிமிடம் பிடிக்கும். சுற்று எண்ணிக்கையை 360க்குள் மடிக்கும் அமைப்பைக் கன்ட்ரோலில் போட்ட பிறகு சரியானது.

விளைவு

ஃபினிஷ் நேரம் ஏறத்தாழ 40 நிமிடம். ஆர்ஏ எல்லாப் பக்கமும் 0.6 முதல் 0.7. லைட்டின் கீழ் திருப்பினால் ஒரே சீரான மினுக்கம். இரண்டு ஜாப்களை அனோடைசிங்குக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் மீதியை ஓட்டினார்கள். திரும்பி வந்தவற்றில் பட்டை இல்லை. எமரி வேலை முழுக்க நின்றுபோனது.

முழுக் குறையும் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. 10 மி.மீ. டூல் விட்ட இடத்தை 6 மி.மீ. டூல் எடுத்துக்கொள்ளும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. இரண்டு டூலின் நீளத்தையும் ஸ்பிண்டில் சூடேறிய பிறகு அளந்தும் அது முழுதாகப் போகவில்லை. சேரும் இடத்தைக் காலர் வளைவு தொடங்கும் விளிம்பிலேயே வைத்ததால் நிழலில் மறைகிறது, வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார்.

மாற்ற வேண்டியவை

டூல் பந்தின் எந்த இடத்தில் தொடுகிறது என்பதைப் பல கேம் மென்பொருள்களில் நிறம் பிரித்துப் பார்க்க முடியும். வெட்டுவதற்கு முன் அதைப் பார்த்திருந்தால் நான்கு பட்டைகளும் திரையிலேயே தெரிந்திருக்கும், ஸ்டெப்ஓவரைக் குறைத்த அந்த 72 நிமிட ஓட்டமும் தேவைப்பட்டிருக்காது. ஜி93 போஸ்டை ஆர்டர் கையில் இருக்கும்போது அவசரமாக மாற்றாமல் முன்பே மாற்றி, மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஓட்டிப் பார்த்திருக்கலாம். அனோடைசிங் மாதிரியையும் முதல் ஜாப்பிலிருந்தே எடுக்க வேண்டும்.

அடுத்த ஆர்டருக்கான வரைபடத்தில் அதே கைப்பிடியின் தட்டைப் பக்கத்தில் விரல் பதியும் பள்ளம் ஒன்று நீளவாக்கில் சேர்ந்திருக்கிறது. பள்ளத்துக்குள் வளைவு எதிர்ப்பக்கம் திரும்புவதால், செங்குத்தைத் தொடரும் ஏ அச்சு ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறியாக வேண்டும். ஒதுங்கியிருந்த பேக்லாஷ் அங்கே வெளியே வரும். அதனால் உடலுக்கு இதே ஹெலிக்ஸும் பள்ளத்துக்கு மட்டும் ஏ அச்சைப் பூட்டி நீளவாக்குப் பாதையும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். பள்ளத்தின் அடி குழிந்திருப்பதால் நீளவாக்கில் முகடும் அங்கே தாழ்வாகவே வரும். சோதனைத் துண்டு இன்னும் மெஷினில் ஏறவில்லை.